டி-ஜாயின்ட் ஃபில்லெட் சிமுலேஷன்: உலோகம் உருகவே இல்லை, டிஸ்டார்ஷனும் பாதிகூட வரவில்லை

தட்டுமேடை

வணக்கம். 8 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தட்டில் ஒரு டி-ஜாயின்ட் (T வடிவ இணைப்பு); வெல்டிங்கால் அது எவ்வளவு வளையும் (டிஸ்டார்ஷன்) என்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்கிறேன். அடித்தட்டு 300 × 200, அதன் நடுவில் நிற்கும் தட்டு 300 × 100. இரண்டு பக்கமும் 6 மி.மீ. கால் அளவுள்ள ஃபில்லெட் (மூலையை நிரப்பும் முக்கோண வெல்ட்), ஒன்று முடிந்து அடுத்தது. 1.2 மி.மீ. கம்பி, 82 பங்கு ஆர்கானும் 18 பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, 220 ஆம்பியர், 25 வோல்ட், டார்ச் வேகம் விநாடிக்கு 6 மி.மீ. வயர் ஃபீட் நிமிடத்துக்கு 7 மீட்டர்.

அபாகஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் முதலில் வெப்பப் பகுதி, பிறகு அந்த வெப்பநிலையை வாங்கி மெக்கானிக்கல் பகுதி. வெப்ப மூலம் கோல்டாக்கின் இரட்டை எலிப்சாய்டு (ஆர்க்கின் வெப்பத்தை முட்டை வடிவில் பரப்பும் மாடல்), டிஃப்ளக்ஸ் என்ற சப்ரொட்டீனில் எழுதியிருக்கிறேன். முன் நீளம் 4, பின் நீளம் 8, அரை அகலம் 4, ஆழம் 5 மி.மீ. எஃபிஷியன்சி (ஆர்க்கின் பவரில் தட்டுக்குள் போகும் பங்கு) 0.8. வெல்ட் பகுதியில் எலிமெண்ட் (கணக்குக்காகத் தட்டைப் பிரித்த சிறு கட்டி) 4 மி.மீ., அடித்தட்டின் தடிமனில் இரண்டு எலிமெண்ட்.

உச்ச வெப்பநிலை 1190°செ தான் வருகிறது. எதுவும் உருகவில்லை. அடித்தட்டின் விளிம்பு டையல் கேஜில் 2.2 மி.மீ. தூக்கியிருக்கிறது, சிமுலேஷனில் 0.7. எஃபிஷியன்சியை ஏற்றிவிடலாமா?

---

வெப்பக்கணக்கு

எஃபிஷியன்சியைத் தொடாதீர்கள் சார். 0.8 நியாயமான எண். ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 1011-1 மிக்/மாக்குக்கு (கம்பி ஊட்டி, வாயு மூடிச் செய்யும் உங்கள் வகை வெல்டிங்) கொடுப்பதும் 0.8 தான். டிக் (டங்ஸ்டன் முனை வெல்டிங்) என்றால் 0.6, சப்மெர்ஜ்டு ஆர்க் (ஃபிளக்ஸ் தூளுக்குள் எரியும் ஆர்க்) என்றால் 1.0. உருகவில்லை என்பதற்காக இதை 0.95 ஆக்கினால் வேறெங்கோ இருக்கும் தவறு மூடப்பட்டுவிடும்.

கணக்கைப் பாருங்கள். 25 × 220 = 5500 வாட். அதில் 0.8 பங்கு 4400 வாட். வேகத்தால் வகுத்தால் மி.மீ.க்கு 733 ஜூல். 6 மி.மீ. ஃபில்லெட்டுக்கு இது தாராளமாகப் போதும். ஆகவே 4400 வாட்டும் மாடலுக்குள் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் சந்தேகம் யூனிட். மி.மீ.–டன்–விநாடி முறையில் வேலை செய்கிறீர்களா? அப்படியானால் பவர் மில்லிவாட்டில் இருக்க வேண்டும், அதாவது 4.4×10⁶. அடர்த்தி 7.85×10⁻⁹. வெப்பக் கொள்ளளவு 450 என்று கையேட்டில் இருப்பது இங்கே 4.5×10⁸. உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 270 கிலோஜூல் என்றால் 2.7×10¹¹. வெப்பங்கடத்தல் எண் மட்டும் மாறாது, 50 என்றால் 50 தான். காற்றுக்குப் போகும் வெப்பத்துக்கான எண் 10 என்பது 0.01 ஆகும். ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் மாறிலி 5.67×10⁻¹¹. தனிச்சுழி −273.15 என்று கொடுக்க மறந்தால் கதிர்வீச்சுக் கணக்கு முழுக்கத் தப்பாகும்.

இரண்டாவது சோதனை. உங்கள் அளவுகளுக்கு எலிப்சாய்டின் மையத்தில் ஒரு கன மி.மீ.க்கு 68.4 வாட் வர வேண்டும். மையத்திலிருந்து நேர் முன்னால் 4 மி.மீ. தள்ளினால் அதில் 5 விழுக்காடு, ஏறத்தாழ 3.4 வாட். இந்த இரண்டு புள்ளிகளிலும் சப்ரொட்டீன் என்ன எண் தருகிறது என்று அச்சிட்டுப் பாருங்கள்.

முன்பங்கு, பின்பங்கு என்ன கொடுத்தீர்கள்? இரண்டும் சேர்ந்து 2 வர வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். மையத்தில் முன்னும் பின்னும் ஒரே மதிப்பில் சந்திக்க வேண்டும் என்பது பலருக்கும் தவறிவிடும். 4-க்கு 8 நீளம் என்றால் முன்பங்கு 0.667, பின்பங்கு 1.333. எங்கும் புழங்கும் 0.6, 1.4 ஜோடியை அப்படியே போட்டால் டார்ச்சுக்கு நேர்கீழே ஒரு படி விழும்.

---

கண்ணிவலை

யூனிட் சரியாகவே இருந்தாலும் இந்த மெஷ்ஷில் (எலிமெண்ட் வலையில்) உருகாது நண்பரே. 4 மி.மீ. அரை அகலத்துக்கு ஒரே ஒரு எலிமெண்ட். வெப்பமோ மையத்தில் கூர்மையாகக் குவிந்திருக்கிறது. இன்டெக்ரேஷன் புள்ளிகள் (எலிமெண்டுக்குள் கணக்கு எடுக்கும் இடங்கள்) அந்தக் கூர்மையைப் பார்க்காமலே தாண்டிவிடும். ஒவ்வொரு அரை அச்சுக்கும் குறைந்தது நான்கு எலிமெண்ட் வையுங்கள். வெல்டிலும் அதை ஒட்டிய 6–8 மி.மீ.யிலும் 1 மி.மீ., அதைத் தாண்டி மெல்லப் பெரிதாக்கலாம். அடித்தட்டின் ஓரத்தில் 8 மி.மீ. இருந்தாலும் கெடுதல் இல்லை.

இன்னொன்று கேட்கிறேன். எலிப்சாய்டுக்கு வெளியே வெப்பம் பூஜ்ஜியம் என்று சப்ரொட்டீனில் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறீர்களா? கணக்கு வேகமாக ஓட வேண்டும் என்று நிறையப் பேர் போடுவது. எலிப்சாய்டின் விளிம்பு என்பது அடர்த்தி 5 விழுக்காட்டுக்கு இறங்கும் இடம், வெப்பம் முடிந்துபோகும் இடம் அல்ல. மூன்று திசையிலும் சேர்த்துப் பார்த்தால் மொத்த வெப்பத்தில் 11 விழுக்காடு அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. வெட்டினால் உங்கள் 4400-இல் கிட்டத்தட்ட 490 வாட் காணாமல் போகும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் அரை அச்சைப் போல இரு மடங்கு தூரத்தில் வெட்டுங்கள்.

மூன்றாவது, ஃபில்லெட்டுக்கே உரியது. எலிப்சாய்டை 45 பாகை சாய்த்தீர்களா? பீட் (போட்ட வெல்ட் உலோகம்) மேற்பரப்பின் நடுவில் மையத்தை வைத்து, ஆழ அச்சு ரூட்டை (இரு தட்டும் சேரும் உள்மூலையை) நோக்கிப் போக வேண்டும். தட்டையான பீட்டுக்கு எழுதிய கோடை அப்படியே எடுத்தால் ஆழ அச்சு நேர்கீழே பார்க்கும், எலிப்சாய்டின் ஒரு துண்டு காற்றில் தொங்கும். காற்றில் எலிமெண்ட் இல்லை. அந்த வெப்பம் எங்கேயும் சேராது, மென்பொருள் எச்சரிக்கையும் தராது.

எது எவ்வளவு தின்கிறது என்று பார்க்க ஒரே வழி: ஒரு கணத்தை எடுத்து, ஒவ்வொரு இன்டெக்ரேஷன் புள்ளியிலும் வெப்ப அடர்த்தியை அந்தப் புள்ளிக்குரிய கன அளவால் பெருக்கிக் கூட்டுங்கள். சின்ன பைதான் ஸ்கிரிப்ட் போதும். 4400-க்கு 2 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். டார்ச் தட்டின் நடுவில் இருக்கும் கணமாக எடுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் எலிப்சாய்டின் ஒரு பாதி தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

---

தட்டுமேடை

இருவருக்கும் நன்றி. யூனிட் சரி. மையத்தில் 68.4 வருகிறது. கூட்டிப் பார்த்தேன், 2910 வாட். எல்லையில் வெட்டியிருந்தேன், சாய்க்கவில்லை, மெஷ்ஷும் நீங்கள் சொன்னதுபோல் பெரிதாகவே இருந்தது.

மூன்றையும் மாற்றியபின் 4370 வாட். இப்போது உருகுகிறது. ஆனால் உச்சம் 2900°செ தாண்டுகிறது. மேக்ரோவில் (வெல்டை வெட்டித் தேய்த்த குறுக்குவெட்டில்) ரூட் ஊடுருவல் 1.2 மி.மீ., சிமுலேஷனில் 0.4. டைம் ஸ்டெப் எவ்வளவு வைப்பது என்பதும் தெரியவில்லை.

---

உருகுகுளம்

2900 நம்ப முடியாத எண். இரும்பின் கொதிநிலையே 2862°செ. உண்மையில் உருகிய குளம் ஓயாமல் சுழன்று வெப்பத்தைப் பரப்பிக்கொண்டே இருக்கும். கடத்தல் மட்டும் உள்ள மாடலுக்கு அந்த ஓட்டம் தெரியாததால் வெப்பம் நடுவில் தேங்கிவிடுகிறது. உருகுநிலைக்கு மேலே வெப்பங்கடத்தல் எண்ணை இரண்டு அல்லது மூன்று மடங்காக்குவது வழக்கம். 800°செ-க்கு மேலே 27–30 என்று போய்க்கொண்டிருப்பதை 1530-இல் 80 ஆக்குங்கள். உச்சம் 2000 பக்கம் இறங்கும். குளத்தின் எல்லையும் சற்று விரியும்.

உள்ளுறை வெப்பத்தைத் தனியாகக் கொடுத்திருந்தால் கொள்ளளவு வளைவில் மறுபடியும் சேர்க்காதீர்கள். அதே வளைவில் 735°செ அருகே ஒரு கூர்முனை இருக்கும், யூரோகோடு 3-இன் தீ விபத்துப் பகுதியில் கிலோவுக்கு 5000 ஜூல் வரை போகும். அது எஃகின் படிக அமைப்பு ஃபெரைட்டிலிருந்து ஆஸ்டெனைட்டாக மாறுவதற்கான வெப்பம், அதை விட்டுவிடக் கூடாது. அந்த முனை குறுகலாக இருப்பதால் பெரிய ஸ்டெப் வைத்தால் அதைத் தாண்டிக் குதித்துவிடும்.

ஸ்டெப்புக்கு விதி: ஒரு ஸ்டெப்பில் டார்ச் முன் நீளத்தில் பாதிக்கு மேல் நகரக் கூடாது. உங்களுக்கு 2 மி.மீ., அதாவது 0.33 விநாடி. 0.2 வையுங்கள். 300 மி.மீ.க்கு 50 விநாடி, ஆக 250 ஸ்டெப். 20 நோடு எலிமெண்ட் பயன்படுத்தினால் மிகச் சின்ன ஸ்டெப்பும் ஆகாது, வெப்பநிலை அறை வெப்பத்துக்குக் கீழே இறங்கி ஆடும். 8 நோடு எலிமெண்ட்டே இந்த வேலைக்கு ஏற்றது.

---

நைட்டல்

ரூட் ஊடுருவலுக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த மேக்ரோ எங்கே வெட்டியது? ஆர்க் தொடங்கிய 30 மி.மீ.க்குள் வெட்டியிருந்தால் அதை வைத்து எதையும் பொருத்தாதீர்கள். நிலையான பகுதியில் குறைந்தது இரண்டு இடம் வெட்டி, 600 கிரிட் வரை தேய்த்து, நைட்டல் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த அரிப்புக் கரைசல்) போட்டுப் பாருங்கள். உருகிய எல்லை ஒரு கோடு, வெப்பம் தாக்கிய மண்டலத்தின் வெளி எல்லை இன்னொரு கோடு. இரண்டையும் எடுங்கள். உள் கோட்டை ஏறத்தாழ 1500°செ கோட்டோடும், வெளிக் கோட்டை 720–730°செ கோட்டோடும் ஒப்பிட வேண்டும். உள் கோட்டை மட்டும் பொருத்தி, வெளிக் கோடு தானாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. உள் கோடு பொருந்தி, வெளிக் கோடு அகலமாக வந்தால் மொத்த வெப்பம் அதிகம். குறுகலாக வந்தால் குறைவு. எலிப்சாய்டின் வடிவத்தை மாற்றினால் வெளிக் கோடு அவ்வளவாக அசையாது, உள் கோடுதான் அசையும். இந்த வேறுபாடு கையில் இருந்தால் எந்தத் திருகைத் திருப்புவது என்ற குழப்பமே வராது.

பீட்டின் பரப்பையும் சரிபார்த்துவிடுங்கள். 1.2 மி.மீ. கம்பியின் குறுக்குவெட்டு 1.13 ச.மி.மீ. நிமிடத்துக்கு 7 மீட்டர் என்றால் விநாடிக்கு 117 மி.மீ., அதாவது 132 கன மி.மீ. உலோகம். டார்ச் 6 மி.மீ. போவதால் பீட்டின் பரப்பு 22 ச.மி.மீ., ஸ்பாட்டர் போக 21. நேர் முக்கோண 6 மி.மீ. ஃபில்லெட் என்றால் 18 தான். மாடலில் 18 வரைந்திருந்தால் பீட்டில் ஏழில் ஒரு பங்கு உலோகம் குறைகிறது. சுருங்குவது அந்த உலோகம்தானே.

1.2 மி.மீ. ஊடுருவலுக்கு ஆழத்தை 5-இலிருந்து 6 வரை ஏற்றி அகலத்தைச் சற்றுக் குறைத்தாலே போதும் என்று நினைக்கிறேன். ஆர்கான் மிகுந்த வாயுவில் ஸ்பிரே நிலைக்கு (உலோகம் சிறு துளிகளாகத் தெளிக்கும் நிலை) போய்விட்டால் நடுவில் விரல்போல ஒரு கூர் ஊடுருவல் இருக்கும். அதை ஒற்றை எலிப்சாய்டு ஒருநாளும் தராது. அகலமான ஒன்று, ஒடுங்கிய ஆழமான ஒன்று என்று இரண்டு மூலம் வைத்துப் பவரைப் பங்கிட வேண்டும்.

மெஷினில் பார்த்த 25 வோல்ட் எங்கே அளந்தது? கேபிளில் விழுவதும் அதில் சேர்ந்திருக்கும். ஃபீடருக்கும் ஜாபுக்கும் இடையே அளங்கள். பல்ஸ் மோடு என்றால் சராசரி வோல்ட்டைச் சராசரி ஆம்பியரால் பெருக்குவதே தவறு, கணத்துக்குக் கணம் பெருக்கிச் சராசரி எடுக்க வேண்டும்.

---

தட்டுமேடை

சாதாரண மோடு, ஃபீடரில் அளந்தது. பீட்டை 21 ச.மி.மீ.க்கு மாற்றினேன், ஆழம் 6, அரை அகலம் 3.7. உள் கோடு 0.2 மி.மீ.க்குள் பொருந்துகிறது, வெளிக் கோடும் ஏறத்தாழ. உச்சம் 2080°செ.

தூக்கல் 0.7-இலிருந்து 0.9 ஆனது, அவ்வளவுதான்.

---

கண்ணிவலை

இப்போதுதான் மெக்கானிக்கல் பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று கேட்கிறேன், மற்றதெல்லாம் பிறகு: நிற்கும் தட்டின் அடியும் அடித்தட்டும் தொடும் இடத்தில் நோடுகளை ஒன்றாக இணைத்துவிட்டீர்களா?

---

தட்டுமேடை

ஆம். ஒரே பார்ட்டாக வரைந்தது.

---

கண்ணிவலை

அங்கேதான் பெரிய தவறு. 8 மி.மீ. அகலத்துக்கு, 300 மி.மீ. நீளத்துக்கு, இல்லாத ஒரு வெல்டை நீங்களே போட்டிருக்கிறீர்கள். உண்மையில் இரண்டு பக்கமும் 1.2 மி.மீ. ஊடுருவல்தான். நடுவில் 5.6 மி.மீ. வெறும் தொடுகை, உலோகம் சேரவில்லை. முதல் ஃபில்லெட் சுருங்கும்போது நிற்கும் தட்டு அந்தப் பக்கம் சாய வேண்டும், எதிர்ப்பக்க ரூட் திறக்க வேண்டும். உங்கள் மாடலில் அது திறக்க வழியே இல்லை.

அந்த இடத்தைக் கான்டாக்ட்டாக மாற்றுங்கள். டேக் (தட்டுகளைப் பிடித்துவைக்கும் சிறு வெல்ட்) போட்ட இடங்களில் மட்டும் இணைப்பு. இருபுறமும் முனையில் 15 மி.மீ., நடுவில் 15 மி.மீ. என்றால் அவ்வளவே. வெப்பப் பகுதியிலும் அதே இடைவெளி வேண்டும், இல்லையென்றால் மேலிருந்து கீழே வெப்பம் தடையில்லாமல் ஓடும்.

அடுத்தது பீட். டார்ச் வருவதற்கு முன்பே பீட் எலிமெண்ட்டுகள் குளிர்ந்த, முழு வலிமையுள்ள எஃகாக நிற்கின்றனவா? அப்படி நின்றால் இன்னும் போடாத வெல்ட், தட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பவிடாமல் தடுக்கும். இரண்டு பீட்டையும் தொடக்கத்தில் நீக்கிவிட்டு, டார்ச் கடக்கக் கடக்க 5–6 மி.மீ. துண்டுகளாகச் சேருங்கள். நீக்க முடியாத மென்பொருள் என்றால், உருகும்வரை யங் மாடுலஸை (விறைப்பு எண்ணை) ஆயிரத்தில் ஒரு பங்காக வைத்திருக்கலாம். எல்.எஸ்.-டைனா மென்பொருளில் வெல்டிங்குக்கென்றே உள்ள 270-ஆம் எண் மெட்டீரியல் இதைத்தான் செய்கிறது.

மூன்றாவது, குறை இன்டெக்ரேஷன் எலிமெண்ட் தடிமனில் இரண்டே இரண்டு. அவற்றுக்கு வளைவைச் சரியாகத் தாங்கத் தெரியாது. தடிமனில் குறைந்தது நான்கு வேண்டும். பெரும் இடப்பெயர்ச்சி விருப்பத்தை இயக்கிவிடுங்கள்.

---

வெப்பக்கணக்கு

மெட்டீரியல் பற்றி இரண்டு வார்த்தை. யீல்டு வலிமை அறை வெப்பத்தில் 250 மெகாபாஸ்கல் என்றால் 1000°செ-இல் 15–20 தான் இருக்கும். அதற்கு மேலே 5-க்குக் கீழே இறக்காதீர்கள், கணக்கு நிற்காது. ஏறத்தாழ 1000°செ-க்கு மேலே சேர்ந்த பிளாஸ்டிக் ஸ்ட்ரெயினை அழிக்கும் அன்னீல் வெப்பநிலையையும் கொடுங்கள். இல்லையென்றால் உருகி மீண்டும் உறைந்த உலோகம் பழைய கடினமேற்றத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். டிஸ்டார்ஷனில் அதன் தாக்கம் சிறியது, எஞ்சிய தகைவு (ஆறியபின் உலோகத்துக்குள் தங்கும் இழுப்பு) தேவையென்றால் பெரியது.

---

வளைதகடு

நான் வேறு மாதிரி சொல்கிறேன். இவ்வளவும் மாற்றியபின் 1.9 வந்தால், எஃபிஷியன்சியை 0.86 ஆக்கி 2.2-க்குக் கொண்டுவந்துவிடலாம். எப்படியும் அது 0.7-லிருந்து 0.85 வரை எங்கேயாவது இருக்கும் எண் தானே? வேலைக்கு வேண்டியது பொருந்துகிற மாடல்.

---

நைட்டல்

இதை ஒத்துக்கொள்ளவே முடியாது. மேக்ரோவின் இரண்டு கோடும் 0.8-இல் பொருந்துகின்றன. 0.86 என்றால் மி.மீ.க்கு 733 ஜூல் 788 ஆகிறது, வெளிக் கோடு வெளியே போய்விடும். அதாவது, அளந்த ஓர் உண்மையைப் பொய்யாக்கித்தான் இன்னோர் எண்ணைப் பொருத்துகிறோம். அந்த மாடலை வைத்து நாளைக்கு 10 மி.மீ. தட்டுக்கோ, வெல்ட் வரிசையை மாற்றியோ ஓட்டினால் வருகிற விடையை எதை நம்பி எடுத்துக்கொள்வது?

மேக்ரோவை வைத்து வெப்ப மூலத்தைப் பொருத்துங்கள், தெர்மோகப்பிளை வைத்துச் சரிபாருங்கள், அத்தோடு வெப்பப் பகுதியைப் பூட்டிவிடுங்கள். டிஸ்டார்ஷனைப் பொருத்துவதற்கு அந்தப் பூட்டைத் திறக்கக் கூடாது.

தெர்மோகப்பிள் எங்கே வைப்பது என்றால், அடித்தட்டின் அடிப்பக்கம், வெல்டுக்கு நேர்கீழே. ஆர்க்கின் ஒளியும் ஸ்பாட்டரும் படாத இடம். கே வகை, 0.25 மி.மீ. கம்பி, இரண்டு கம்பியையும் முறுக்காமல் தனித்தனியாக, ஒரு மி.மீ. தள்ளி, தட்டிலேயே ஸ்பாட் வைத்து ஒட்ட வேண்டும். உறை போட்ட தடித்த தெர்மோகப்பிள் இந்த வேகத்துக்கு உச்சத்தைக் குறைத்தே காட்டும். மேல்பக்கம் வைத்தே ஆக வேண்டுமென்றால் வெல்ட் ஓரத்திலிருந்து உள்ள தூரத்தை வெல்டிங்குக்குப் பிறகு அளங்கள். வெப்பம் தாக்கிய மண்டலம் 3 மி.மீ. என்றால் அதற்குள் 1500-லிருந்து 720-க்கு விழுகிறது, மி.மீ.க்கு 260°செ. அரை மி.மீ. தவறினால் 130°செ தவறு.

---

உருகுகுளம்

நைட்டல் சொல்வது முழுக்கச் சரி. தெர்மோகப்பிள் இல்லாவிட்டாலும் கையால் ஒரு சோதனை உண்டு. ஈ.என். 1011-2-இன் மெல்லிய தட்டுச் சூத்திரத்தில் 0.733 கிலோஜூல், 8 மி.மீ., 25°செ போட்டால் 800-லிருந்து 500°செ-க்குக் குளிரும் நேரம் 9.7 விநாடி. டி-ஜாயின்ட் ஃபில்லெட்டுக்கான குறைப்பு எண் 0.45–0.67 போட்டால் 4.4-லிருந்து 6.5 விநாடி. சிமுலேஷனில் 12 விநாடி வந்தால் வெப்பம் போகும் பாதையில் எங்கோ தவறு.

வளைதகடு கேட்டதில் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கிறது. வெப்ப மூலத்தை மேக்ரோவைப் பார்த்துப் பொருத்துவது விடையைப் பார்த்துக் கணக்கு எழுதுவது மாதிரிதானே? ஆமாம், ஊடுருவலைப் பொறுத்தவரை அப்படித்தான். இந்த வகை மாடல் ஊடுருவலை முன்கூட்டிச் சொல்லாது. அதற்குக் குளத்தின் ஓட்டத்தையே தீர்க்கும் மாடல் வேண்டும். பரப்பு இழுவிசை, மின்காந்த விசை, துளி மோதல் எல்லாம் சேரும். எஃகில் கந்தகம் சில பத்து பிபிஎம் மாறினாலே குளத்தின் பரப்பில் ஓட்டத் திசை திரும்பி, அகலமான ஆழமற்ற வெல்ட், ஒடுங்கிய ஆழமான வெல்டாகும். டிக் வெல்டிங்கில் ஒரே செட்டிங்கில் வார்ப்புக்கு வார்ப்பு ஊடுருவல் மாறுவது இதனால்தான். டிஸ்டார்ஷனுக்கு அத்தனை தூரம் போகத் தேவையில்லை.

---

தட்டுமேடை

கான்டாக்ட், டேக், பீட் துண்டுகள், தடிமனில் நான்கு எலிமெண்ட். தூக்கல் 1.9 மி.மீ. வளைதகடு சொன்ன அதே எண்! 800–500 நேரம் 5.8 விநாடி. எஃபிஷியன்சி 0.8 தான், தொடவில்லை.

மிச்சமுள்ள 0.3?

---

கண்ணிவலை

மூன்று இடம் பாருங்கள். ஒன்று, வெல்டிங்குக்கு முன் அடித்தட்டு தட்டையாக இருந்ததா? டையல் கேஜை முன்பும் பின்பும் அதே புள்ளிகளில் வைத்து வித்தியாசத்தை எடுத்ததா, அல்லது பின்பு மட்டும் அளந்ததா? இரண்டு, கிளாம்பை எப்போது கழற்றினீர்கள்? தொழிற்கூடத்தில் கை பொறுக்கும் சூட்டில் கழற்றியிருப்பார்கள், மாடலில் 25°செ வரை ஆறவிட்டுக் கழற்றுவீர்கள். மூன்று, முதல் ஃபில்லெட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே எவ்வளவு நேரம்?

---

தட்டுமேடை

முன்பு அளக்கவில்லை. மாடலில் நடுவே 600 விநாடி விட்டிருக்கிறேன். தொழிற்கூடத்தில் ஜாபைத் திருப்பி உடனே போட்டார்கள், 40–45 விநாடி இருக்கும்.

---

வெப்பக்கணக்கு

45 விநாடியில் தட்டு ஆறாது. உள்ளே போனது 4400 × 50 = 220 கிலோஜூல், ஜாபின் எடை பீட் நீங்கலாக 5.65 கிலோ. காற்றுக்குப் போவதை விட்டுவிட்டுச் சமமாகப் பரவியதாக வைத்தாலும் கிலோவுக்கு 480 ஜூலில் 81°செ ஏற்றம். வெல்ட் பக்கம் அதைவிட அதிகம். இரண்டாவது ஃபில்லெட் 25-இல் அல்ல, 130–150-இல் தொடங்குகிறது. நேரத்தை 45 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். அடுத்த ஜாபுக்குத் தட்டை முன்பே அளந்துவிடுங்கள், இந்த ஜாபின் 2.2-இல் எவ்வளவு வெல்டிங்கால் வந்தது என்று இனிமேல் பிரிக்க முடியாது.

---

பீ91

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே முறையை 9 குரோமியம் 1 மாலிப்டினம் எஃகுக் (பீ91) குழாய் வெல்டுக்குப் பயன்படுத்தலாமா? எஞ்சிய தகைவு வேண்டும்.

---

உருகுகுளம்

வெப்பப் பகுதி அப்படியே ஆகும், மெக்கானிக்கல் ஆகாது. மைல்ட் ஸ்டீலில் படிக உருமாற்றம் 600°செ-க்கு மேலே, எஃகு இளகியிருக்கும்போது நடந்துவிடுவதால் விட்டுவிட்டோம். பீ91-இல் மார்ட்டென்சைட் (ஆறும்போது ஆஸ்டெனைட்டிலிருந்து உருவாகும் கடினமான அமைப்பு) ஏறத்தாழ 400°செ-இல் தொடங்குகிறது. எஃகு வலிமையாக இருக்கும் அந்த நேரத்தில் அது விரிவடைவதால் கடைசி பாஸில் இழுதகைவு குறைந்து அழுத்தமாகக்கூட மாறும், இழுதகைவின் உச்சம் வெப்பம் தாக்கிய மண்டலத்துக்குச் சற்று வெளியே தள்ளிப்போகும். உருமாற்றத்தைச் சேர்க்காத மாடல் வெல்டின் நடுவில் பெரிய இழுதகைவைக் காட்டும், கூட்டல்–கழித்தல் குறியே தலைகீழ்.

சூடேறும்போதும் ஆறும்போதும் விரிவு வளைவு வேறு வேறு. ஏறும்போது 820°செ பக்கம் ஆஸ்டெனைட், இறங்கும்போது 400 வரை ஆஸ்டெனைட்டாகவே வரும். பிறகு கோய்ஸ்டினன்–மார்பர்கர் சூத்திரம்: தொடக்க வெப்பநிலைக்குக் கீழே எத்தனை டிகிரி இறங்கியதோ அதை 0.011-ஆல் பெருக்கிக் கழித்தல் குறியோடு e-யின் அடுக்கில் வைத்தால் மிஞ்சும் ஆஸ்டெனைட்டின் பங்கு. 200 டிகிரி கீழே போனால் 89 விழுக்காடு மார்ட்டென்சைட். பாஸ்களுக்கு இடையே ஜாபை 250-இல் பிடித்து வைத்தால் 150 டிகிரிதான் இறங்கியிருக்கும், 19 விழுக்காடு ஆஸ்டெனைட் மிஞ்சும். அதனால் இடைப்பாஸ் வெப்பநிலையை மாடலில் சரியாக வைப்பது முக்கியம்.

முதல் முறை என்றால் உருமாற்றமே இல்லாத 316எல் ஸ்டெயின்லெஸ் எஃகில் பழகுங்கள். நெட் என்ற ஐரோப்பியக் கூட்டமைப்பின் முதல் பெஞ்ச்மார்க் 180 × 120 × 17 மி.மீ. தட்டில் 60 மி.மீ. நீளத்துக்கு ஒற்றை டிக் பீட். நியூட்ரான் அளவீடுகள் வெளியாகியிருக்கின்றன. அதில் ஐசோட்ரோபிக் கடினமேற்றம் தகைவைக் கூட்டிக் காட்டும், கைனமாட்டிக் மட்டும் போட்டால் குறைக்கும், இரண்டும் கலந்தது அளவீட்டோடு நெருங்கும். அதைச் செய்து முடித்துவிட்டுக் குழாய்க்கு வாருங்கள். தனி இழை தொடங்குங்கள், பீ91-இன் வெல்டிங்குக்குப் பிந்தைய 760°செ சூடாக்கலில் க்ரீப் (சூட்டில் உலோகம் மெல்ல நெகிழ்வது) வேறு சேர்க்க வேண்டியிருக்கும்.

---

தட்டுமேடை

45 விநாடியில் 2.0 வந்தது. இந்த ஜாபை இத்தோடு விடுகிறேன். அடுத்த தட்டுக்கு விளிம்பில் ஆறு புள்ளி குறித்து, டேக் போடுவதற்கு முன், டேக் போட்டபின், கிளாம்ப் கழற்றியபின் என்று மூன்று முறை டையல் கேஜ் வைக்கச் சொல்லியிருக்கிறேன். எண்களோடு வருகிறேன்.